பசையைப் பற்றித்தான் அவர் கேட்டார்

கேள்வி: அஞ்சல்தலை சேகரிப்போர் நானூறு பேர் இணையவழியே ஒரு குழுவாக இயங்குகிறோம். நான் அட்மின்களில் ஒருவர். ஆறு ஆண்டுகளுக்கு முன், மூத்த உறுப்பினர் ஒருவர் பரிமாற்றத்தில் கொடுத்த மிண்ட் (பயன்படுத்தப்படாத) அஞ்சல்தலை மறுபசையிடப்பட்டது, அதாவது பின்புறத்தில் பிற்பாடு புதிதாகப் பசை பூசப்பட்டது, என்று இன்னொரு மூத்தவர் எல்லோர் முன்னிலையிலும் படங்களோடு எழுதினார். இரண்டு மாதங்கள் ஒரே சண்டை. குற்றம் சாட்டியவர் முப்பது பேரோடு வெளியேறினார். சாட்டப்பட்டவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். அதற்குப் பிறகு, பழையதைப் பேசக் கூடாது என்று விதி வைத்தோம். ஆனால் புதிதாகச் சேர்பவர்கள் விடாமல் கேட்கிறார்கள். சென்ற மாதம் ஓர் இளைஞர், "மறுபசையை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். பத்தே நிமிடத்தில் அதை நீக்கினோம். அவர் ஐந்து பேரிடம் தனித்தனியாக விசாரித்து, ஐந்து கதைகளோடு வந்து நிற்கிறார். பழைய பதிவுகளின் படங்களையும் எங்கிருந்தோ திரட்டி வைத்திருக்கிறாராம். அவரை நீக்கிவிடலாமா, அல்லது நடந்த எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கையில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இளைஞர் உங்கள் குழுவில் நடந்த சண்டையைப் பற்றி முதலில் எதுவுமே கேட்கவில்லை. பசையைப் பற்றித்தான் கேட்டார். ஒரு பூதக்கண்ணாடியும் சாமணமும் கையுமாக இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழையும் எவரும் முதல் சில மாதங்களுக்குள் கேட்டே தீரும் கேள்வி அது. அந்தச் சொல் உங்கள் பழைய காயத்தில் பட்டதனால் நீங்கள் துடித்துப்போய் நீக்கினீர்கள்; நீக்கிய பிறகுதான் அங்கே ஒரு காயம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்தது. ஆகவே அவரை நீக்க வேண்டாம். எல்லாவற்றையும் போட்டு உடைக்கவும் வேண்டாம். எதை முழுமையாகத் திறந்து வைப்பது, எதைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சங்கங்களிலும் குழுக்களிலும் எழும் பிணக்குகளில் சமரசம் பேசுவது என் தொழில். அஞ்சல்தலை என் தொழிலன்று. ஆனாலும் இளமையில் சில ஆல்பங்களைப் பராமரித்தவன் என்பதால் உங்கள் கடிதத்தில் வரும் சொற்கள் எனக்கு அந்நியமாக இல்லை. அந்த உரிமையில் உங்கள் துறையின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1840இல் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக் வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்த நிலையில், சேகரிப்பாளர்களிடையே இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உருவாகிவிட்டிருந்தன. ஒவ்வோர் அஞ்சல்தலையிலும் வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று இருந்தால் போதும் என்று ஆங்கிலப் பள்ளியினர் கருதினார்கள். தாளின் தன்மை, நீர்க்குறி, ஓரத்துத் துளைகள் ஆகிய எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பள்ளியினர் வாதிட்டார்கள். ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பதா சேகரிப்பு என்ற ஏளனம் ஒரு பக்கம். கண் இருந்தும் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற ஏளனம் மறுபக்கம். இந்தச் சூழலில்தான், 1866இல், லெக்ரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் வருகின்றன என்று கணக்கிடும் முறையையும் அதற்கான அளவுகோலையும் வெளியிட்டார். காலப்போக்கில் பிரெஞ்சுப் பள்ளியின் வழியே பொதுவழியாயிற்று. இன்று உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரின் மேசையிலும் கிடக்கும் பெர்ஃபரேஷன் கேஜ் என்ற துளை அளவுகோல், அந்தப் பழைய பூசலில் ஒரு தரப்பு முன்வைத்த வாதமேயன்றி வேறில்லை.

புதிதாக வந்தவர் ஒருவர், "படம் ஒன்றுதானே, துளை பதினான்கானால் என்ன, பன்னிரண்டரையானால் என்ன?" என்று கேட்டால், அறியாமலே அவர் ஆங்கிலப் பள்ளியின் கட்சியைப் பேசுகிறார். அவருக்கு நீங்கள் சொல்லும் பதிலில் அந்தப் பழைய தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது. யாரும் அதைக் கிளறியதாக நினைப்பதில்லை. அந்தப் பூசலிலும் மானம் போனவர்கள் இருந்திருப்பார்கள். எஞ்சி நமக்கு வந்து சேர்ந்ததோ பொருளைப் பற்றிய பகுதி மட்டுமே. அது வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவர்கள் பேசாமல் விட்டுவிடாததுதான்.

இப்போது உங்கள் ஆறு ஆண்டுக்கு முந்தைய விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வழக்குகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த அஞ்சல்தலையின் பின்புறத்துப் பசை அச்சகத்தில் இடப்பட்டதா, பின்னால் யாரோ பூசியதா என்பது ஒன்று. அதைக் கொடுத்தவர் தெரிந்தே ஏமாற்றினாரா என்பது மற்றொன்று. முதலாவதைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க முடியும். இரண்டாவதை எந்தக் கண்ணாடியாலும் பார்க்க முடியாது. உங்கள் குழு முதலாவதற்குக் கிடைத்த சான்றை இரண்டாவதன் மேல் ஏற்றிவிட்டது என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரிந்த செய்திதான், ஆயினும் அந்த இளைஞருக்குச் சொல்லியிருக்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன். பொதுவாக, தாளுக்குப் பசை பூசிய பிறகுதான் துளையிடுவார்கள். ஆகையால் பக்கத்து அஞ்சல்தலையிலிருந்து கிழித்தெடுக்கும்போது ஓரத்துப் பற்களின் நுனியில் தாளின் நார்கள் பஞ்சுபோல் பிரிந்து, பசையின்றி, மென்மையாக இருக்கும். துளையிட்டுக் கிழித்த பின்பு ஒருவர் புதிதாகப் பசை பூசினால், அது பற்களின் இடுக்கிலும் நுனியிலும் வழிந்து இறுகிவிடும். விரல் நுனியால் மெல்லத் தடவினாலே விறைப்பாகத் தட்டுப்படும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். தேர்ந்த கைகள் இதையும் மறைக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இந்த ஒரு சோதனையே பாதிக் கண்ணைத் திறந்துவிடும்.

மறுபசை ஏன் பூசுகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பழைய காலத்தில் ஆல்பத்தில் ஒட்டுவதற்கு ஹிஞ்ச் என்ற சிறு காகிதத் துண்டைப் பயன்படுத்துவது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. அதற்கும் முந்தியவர்கள் நேராகவே பக்கத்தில் ஒட்டினார்கள். ஹிஞ்ச் படாத மிண்டுக்குத்தான் மதிப்பு என்ற எண்ணம் பின்னால் வலுப்பெற்றது. மதிப்பில் அவ்வளவு வேறுபாடு வந்ததும், கறையை மறைத்துப் புதுப்பசை பூசும் வேலையும் கூடவே வந்தது. பசை கெட்டுத் தாளை அரிக்குமே என்று நல்லெண்ணத்தோடு கழுவி எடுத்தவர்களும் உண்டு. 1935இல் ஜெர்மனி வெளியிட்ட ஓஸ்ட்ரோபா தொகுதித் தாளின் (சில அஞ்சல்தலைகளைச் சேர்த்து அச்சிட்ட சிறு தாள்) பசையில் அமிலம் இருந்ததால் அது தன் தாளையே தின்றது; அதில் பசையைக் கழுவிவிடுவதே காப்பாற்றும் வழி என்றாயிற்று. ஒரு தலைமுறையின் பராமரிப்பு அடுத்த தலைமுறைக்கு மோசடியாகத் தெரிவதும், ஓர் அஞ்சல்தலை பத்துப் பேர் கைமாறி வந்த பிறகு பதினோராவது ஆள் பிடிபடுவதும் உங்கள் துறையில் நடக்கக்கூடியவை. உங்கள் மூத்தவர் அந்தப் பதினோராவது ஆளாக இருந்திருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். இதை நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. தீர்க்க முடியாத ஒன்றை இரண்டு மாதங்கள் தீர்க்க முயன்றதே உங்கள் குழுவைப் பிளந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பொருளுக்கும் ஆளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை நிபுணர் குழுக்கள் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கின்றன. லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் இயங்கிவருகிறது. அப்படிப்பட்ட ஒரு குழு சான்றிதழில் எழுதுவது அஞ்சல்தலை மெய்யா போலியா, பழுது பார்க்கப்பட்டதா, பசை மாற்றப்பட்டதா என்ற கருத்தைத்தான். விற்றவரின் யோக்கியதையைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. இந்தக் கட்டுப்பாட்டை உங்கள் குழுவின் விதியாகவே எழுதி வைக்கலாம்: பொருளின் மேல் ஐயம் எழுந்தால் படத்தோடு பொருளைப் பற்றி மட்டும் எழுதலாம், ஆளைப் பற்றிய புகார் அட்மின்களுக்கு மட்டுமே வர வேண்டும். "பழையதைப் பேசக் கூடாது" என்ற விதி இதற்கு மாற்றாகாது. அது எதைத் தடுக்கிறது என்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது; தெரியாத எல்லைக்குள் அவர் எப்படி நடப்பார்?

ஆவலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதாக உணரும்போதுதான் ஆவல் எழுகிறது என்று அமெரிக்க நடத்தைப் பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் விளக்கினார். ஒன்றுமே தெரியாதவனுக்கு ஆவல் குறைவு. கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் அரிப்பு எடுக்கும். உங்கள் இளைஞருக்கு நீங்கள் கொடுத்தது அந்தக் கொஞ்சத்தை: ஒரு நீக்கம், ஒரு மௌனம், "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்ற ஒரு பெரியவரின் பெருமூச்சு. மீதியை ஐந்து பேர் ஐந்து விதமாக நிரப்பினார்கள். அவர் சூழ்ச்சிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பொருளின் வேறுபாடுகளைத் திரட்டி, அடுக்கி, எது மெய் என்று ஒப்பிடுபவரைத்தான் சேகரிப்பாளர் என்கிறோம்; அவர் உங்கள் கதைகளையும் அவ்வாறே சேகரித்திருக்கிறார்.

இதில் நானும் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் குழு ஒன்று என்னிடம் வந்தது. குழுவை நிறுவிய உறுப்பினர்கள் இருவருக்கு இடையே கணக்குத் தகராறு நடந்து முடிந்திருந்தது. இனி யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி, திருப்தியோடு வீடு திரும்பினேன். ஓராண்டு கழித்து அவர்கள் மறுபடி வந்தபோது, தகராறு நடந்த காலத்தில் குழுவிலேயே இல்லாதவர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். நேரில் கண்டவர்களுக்குச் சம்பவத்தின் அளவு தெரியும். கேள்விப்பட்டவர்களுக்கு அளவே இல்லை. நான் வாங்கிய ஒப்புதல், சம்பவத்தை அறிந்தவர்களின் வாயை மட்டுமே கட்டியது. அறியாதவர்களின் வாயைக் கட்ட யாராலும் முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எனவே நான் சொல்வது இது. பசையைப் பற்றியும், ஹிஞ்ச் பற்றியும், பரிமாற்றத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பற்றியும் ஒளிவுமறைவின்றி, எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் பேசுங்கள். ஆறு ஆண்டுக்கு முந்தைய சம்பவத்தைப் பற்றி, ஒரு நிமிடத்தில் படித்துவிடக்கூடிய குறிப்பு ஒன்றை எழுதுங்கள். யார் கேட்டாலும் அந்தக் குறிப்பே பதில். அதில் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர்களிடையே பரிமாறப்பட்ட ஓர் அஞ்சல்தலையின் பசை பற்றி ஐயம் எழுப்பப்பட்டது. அது நிபுணர் சான்றுக்கு அனுப்பப்படவில்லை. கொடுத்தவரின் நோக்கம் பற்றிக் குழு எந்த முடிவுக்கும் வரவில்லை. விவாதம் கைமீறிச் சென்றதையும், அதன் காரணமாகப் பலர் விலகியதையும் அட்மின்கள் தடுக்கத் தவறினோம். அதன்பின், பொருளைப் பற்றிய ஐயத்தையும் ஆளைப் பற்றிய புகாரையும் பிரித்துக் கையாளும் விதியை ஏற்றுக்கொண்டோம்." அஞ்சல்தலை சான்றுக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதற்கேற்ப வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், உள்நோக்கம் வேண்டாம், படங்கள் அறவே வேண்டாம். அட்மின்களின் தவறைச் சொல்லும் வாக்கியத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; படிப்பவர் குறிப்பை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த வாக்கியத்தை வைத்துத்தான்.

இதை வெளியிடுவதற்கு முன், இன்னும் உங்களோடு இருக்கும் அந்த மூத்தவரிடம் காட்டியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இந்த ஆறு ஆண்டுகளில் அதிகம் தாங்கியவர் அவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு புதியவர் சேர்ந்து ஆர்வத்தோடு கேட்கும்போது, அவர் மறுபடியும் கூண்டில் ஏற்றப்படுகிறார். கேட்பவருக்கு அது முதல் முறை. அவருக்கு நாற்பதாவது முறை. "பழைய குப்பையைக் கிளறாதீர்கள்" என்று அவர் எரிந்து விழுந்தால் அதைக் குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பாக எடுத்துக்கொள்வது அநியாயம். ஆகவே அவரிடம் நேரில், அல்லது குறைந்தபட்சம் குரலில் பேசுங்கள், எழுத்தில் வேண்டாம். "ஐயா, இனி உங்களை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். உங்களுக்குச் சம்மதமில்லாத சொல் இதில் இருந்தால் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் போதும். அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், உண்மைக்கு மாறாகாதவரை மாற்றிக்கொள்ளுங்கள். சம்பவத்தைக் குறிப்பிடவே கூடாது என்றால், விதியையும் அதற்கான பொதுக் காரணத்தையும் மட்டும் வெளியிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறைதான், ஆனால் அவர் விருப்பத்தை மீறி எழுதும் முழுமையைவிட அது மேல்.

விலகிப் போனவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது மரியாதை. பதில் வராமல் போகலாம். திரும்பி வாருங்கள் என்று அழைக்கும் நோக்கம் அதில் தொனிக்க வேண்டாம். இருவரையும் சேர்த்து வைக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், அதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

"தனியாகச் சொல்கிறேன்" என்ற சொற்றொடரை அட்மின்கள் எல்லோரும் இன்றோடு விட்டுவிட வேண்டும். பொதுவில் மௌனம், தனியில் விவரம் என்ற பழக்கந்தான் அந்த ஐந்து கதைகளின் ஊற்று. தனியாகச் சொல்லும்போது சொல்பவர் தம் மனத்தாங்கலையும் சேர்த்தே சொல்கிறார். கேட்பவர், தம்மை நம்பிச் சொன்னாரே என்ற நன்றியினாலேயே அவர் பக்கம் சாய்கிறார். ஒரு கட்சி இப்படித்தான் ஆள் சேர்க்கிறது, அதுவும் சேர்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். யாராவது தனியாகக் கேட்டால் அந்தக் குறிப்பையே அனுப்புங்கள். "இதற்கு மேல் என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை" என்று சேர்த்துக்கொள்ளலாம். உண்மையில் நிறைய இருந்தாலும்.

குறிப்பு வெளிவந்ததும் கேள்விகள் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் துறையிலேயே கிரின்னெல் விவகாரம் இருக்கிறது. ஹவாயில் 1851இல் வெளியான, மிஷனரி என்று அழைக்கப்படும் மிக அரிய அஞ்சல்தலைகள் பல தமக்குக் கிடைத்ததாக ஜார்ஜ் கிரின்னெல் என்ற அமெரிக்க ஆசிரியர் முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் வெளிப்படுத்தினார். 1922இல் லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றத்தில் அவை போலி என்று முடிவாயிற்று. வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து அவை லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் ஆய்வுக்குச் சென்றன. அங்கேயும் போலி என்றே கருத்துத் தெரிவித்தார்கள். அதையும் ஏற்காதவர்கள் உண்டு. கண்டெடுத்தவரும் எதிர்த்தவர்களும் மறைந்து வெகுகாலமான பிறகும், அவர்களை அறியாத தலைமுறைகள் அந்தத் தாளையும் மையையும் அச்சு முறையையும் பற்றி ஆர்வத்தோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் குழுவின் பூசலும் என்றேனும் இப்படிப் பொருளைப் பற்றிய வாதமாக மட்டும் மிஞ்சினால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

இளைஞர் திரட்டி வைத்திருக்கும் அந்தப் படங்களைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழித்துவிடச் சொல்லி ஆணையிட உங்களுக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் அது பலிக்காது. முதலில் அவருடைய கேள்வியை நீக்கியதற்கு வருத்தம் தெரிவியுங்கள், அதுவும் பொதுவில், ஒரே வரியில். பின்பு குறிப்பைக் கொடுத்து, அந்தப் படங்களில் ஒரு தரப்பின் பேச்சு மட்டுமே இருப்பதையும், அதில் பேசப்படுபவர் தினமும் அவர் எழுதுவதைப் படிக்கும் ஒரு மனிதர் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு இவ்வளவு போதும். அதன் பிறகும் அவர் அவற்றைக் குழுவில் வெளியிட்டால், அப்போது விதி இருக்கிறது. அதன்படி நடவடிக்கை எடுங்கள். ஆவலுக்காக எவரையும் நீக்காதீர்கள், நடத்தைக்காக நீக்கலாம்.

அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மறுபசையைக் கண்டறியும் முறைகளைப் படங்களோடு ஒரு வழிகாட்டியாகத் தொகுக்கச் சொல்லுங்கள். படங்களைத் திரட்டவும் ஒப்பிடவும் அவருக்குத் தெரியும் என்பதைத்தான் ஏற்கெனவே நிரூபித்துவிட்டாரே. ஆனால் இந்த வேலைக்கு அந்த மூத்தவரின் உதவியை நாட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசையைப் பற்றி உங்கள் குழுவில் மிக அதிகம் அறிந்தவர் அவராகவே இருந்தாலும் சரி. அவராக முன்வந்தால் அது வேறு.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மூத்தவரிடம் பேசி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, குறிப்பை வெளியிடச் சில வாரங்கள் ஆகலாம், அவசரம் இல்லை. இளைஞரின் நீக்கப்பட்ட கேள்வி அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதை இன்றே மீண்டும் இடுங்கள்; பற்களின் நுனியில் நார் எப்படி இருக்கும் என்ற பதிலையும் அதன் கீழே நீங்களே முதல் ஆளாக எழுதுங்கள்.